கோபியிலிருந்து கடலின் பழைய கணக்கைப் படிப்பது எப்படி?

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பாரு அமாவாசைக்கு அமாவாசை நீர்மட்டம் பார்ப்பார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். கல் தண்ணீரைத் தொட்டதும் எத்தனை முடிச்சு இறங்கியது என்று எண்ணி நோட்டில் ஒரு வரி எழுதுவார். அதே நோட்டில் மழையும் இருக்கும்: ஒரு உழவு, இரண்டு உழவு என்று. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் இருக்கும்.

இரண்டு அமாவாசைக்கு நடுவில் ஒரு நாளைச் சொல்லி, அன்று கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால் நோட்டில் விடை கிடையாது. ஆனால் கணக்குப் போடலாம். மழை பெய்தால் மட்டம் ஏறும், மோட்டார் ஓடினால் இறங்கும். தடப்பள்ளி வாய்க்காலில் இருந்து எவ்வளவு கசிந்து வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் நாளாக ஆகக் கணக்கு உண்மையை விட்டு விலகிக்கொண்டே போகும். அடுத்த அமாவாசைக்குக் கயிறு இறங்கும்போது அதைத் திருத்திக்கொள்ளலாம்.

கடலின் பழைய நிலையைத் திரும்பக் கட்டி எழுப்புவதும் இதே வேலைதான். வெப்பம், உப்பு, நீரோட்டம், கடல்மட்டம் ஆகிய நான்கும் 1985ஆம் ஆண்டு அக்டோபரில் சுமத்ராவுக்கு மேற்கே எப்படி இருந்தன என்று கேட்டால், அன்று அங்கே அளந்தவர்கள் மிகச் சிலர். மீதி இடத்தை இயற்பியல் விதிகளால் கணினியில் ஓடும் ஒரு மாதிரி (மாடல்) நிரப்புகிறது. அளவீடு கிடைத்த இடத்தில் அந்த மாதிரியைப் பிடித்து நேராக்குகிறார்கள். இப்படிக் கிடைக்கும் தொடர் வரலாற்றுக்குப் பெயர் ஓஷன் ரீஅனாலிசிஸ். தமிழில் கடல் மறுபகுப்பாய்வு எனலாம்.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு இது எதற்கு? கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் மழைக்கு நாம் அதிகம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை. ஐப்பசி மழையின் ஏற்ற இறக்கத்தில் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் பங்கு உண்டு. அந்தக் கடல்களின் நாற்பது, ஐம்பது வருடக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் கோபியில் உட்கார்ந்தே அதைப் படிக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகத் தரவுக் கோப்பை இறக்குபவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓரிடத்தில் 100 மீட்டர் ஆழத்தில் வெப்பம் 27.0 டிகிரி என்று மாதிரி சொல்கிறது. அதன் கணிப்பில் சுமார் 1 டிகிரி பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் ஒரு மிதவை 28.0 என்று அளக்கிறது. அதன் பிழை 0.5 டிகிரி. பிழைகளை வர்க்கப்படுத்தினால் 1, 0.25. அளவீட்டுக்குத் தரும் எடை 1 வகுத்தல் 1.25, அதாவது 0.8. ஆகவே திருத்திய மதிப்பு 27.8. அதன் பிழை சுமார் 0.45. மாதிரி தனியாகவோ மிதவை தனியாகவோ சொன்னதைவிடக் கொஞ்சம் உறுதியான விடை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஆர்கோ எனப்படும், கடலுக்குள் தானாக இறங்கி ஏறி அளக்கும் மிதவையின் வெப்பமானி ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு வரை துல்லியமாக அளக்கக்கூடியது. அதற்குப் போய் 0.5 டிகிரி பிழை ஏன்? கருவியில் குறை இல்லை. மாதிரியின் ஒரு கட்டம் கால் டிகிரி, கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். கோபியிலிருந்து சத்தியமங்கலம் வரை என்று வையுங்கள். கோபியில் பெய்த மழையை மட்டும் வைத்துச் சத்தி வரைக்கும் அதே மழை என்று சொல்ல முடியுமா? ஒரு புள்ளியின் அளவீடு ஒரு கட்டத்தின் சராசரிக்கு எவ்வளவு பொருந்தும் என்ற ஐயமும் அந்தப் பிழைக்குள் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று, திருத்தம் அந்த ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. எங்கள் கிணற்றில் மட்டம் எதிர்பார்த்ததைவிட மேலே இருந்தால், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக் கணக்கையும் கொஞ்சம் உயர்த்தலாம், ஒரே ஊற்று என்பதால். நடுவில் கருங்கல் பாறை ஓடியிருந்தால் அது தப்பாகிவிடும். கடலிலும் ஒரு மிதவையின் செய்தி பல நூறு கிலோமீட்டர் பரப்பப்படுகிறது. எவ்வளவு தூரம், எந்தத் திசையில் என்பதை அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். கடலில் இதற்குப் பாறை போல நிற்பவை வலுவான நீரோட்டங்களும் நன்னீர் அடுக்குகளும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

என்னிடம் கற்க வந்த ஒரு தம்பி எடுத்த எடுப்பில் கேட்டான்: "ஏனுங் சார், இந்தியப் பெருங்கடல் முழுசையும் மேலிருந்து அடி வரைக்கும் எடுத்துறலாமுங்களா?" வேண்டாம் கண்ணு என்றேன். ஒரு கேள்வி, ஒரு பெட்டி, ஒரு பருவம் போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: 1979 முதல் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரத்தில் வெதுநீர் எவ்வளவு ஆழம் வரை இருந்தது? அதற்கும் நம் பக்கத்து மழைக்கும் தொடர்பு தெரிகிறதா?

இந்தியப் பெருங்கடல் இருமுனை என்ற நிகழ்வை 1999இல் விவரித்தார்கள். சில வருடங்களில் சுமத்ரா, ஜாவா கரைப்பக்கம் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்து, ஆப்பிரிக்கப் பக்கம் வெதுவெதுப்பாகும். அது நேர்மறை. தலைகீழாக நடந்தால் எதிர்மறை. மேற்குப் பெட்டி கிழக்குத் தீர்க்கரேகை 50 முதல் 70 வரை, தெற்கு 10 முதல் வடக்கு 10 வரை. கிழக்குப் பெட்டி 90 முதல் 110 வரை, தெற்கு 10 முதல் நிலநடுக்கோடு வரை. 1997, 2019 இரண்டும் வலுவான நேர்மறை வருடங்கள்.

மேற்பரப்பு வெப்பம் மட்டும் போதும் என்றால் மறுபகுப்பாய்வுப் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவின் நோவா அமைப்பு தரும் ஓஐஎஸ்எஸ்டி தொகுப்பு 1981 செப்டம்பர் முதல் கால் டிகிரிக் கட்டத்தில் இருக்கிறது, அதுவே எளிது. மறுபகுப்பாய்வு தேவைப்படுவது தண்ணீருக்கு உள்ளே எட்டிப் பார்க்கத்தான். அதனால்தான் நம் கேள்வியில் ஆழம் வருகிறது. 20 டிகிரி வெப்பம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது வெதுநீரின் தடிமனைச் சொல்லும் எளிய அளவுகோல். நேர்மறை வருடங்களில் சுமத்ராவுக்கு அருகே அந்த ஆழம் மேலே ஏறி வந்துவிடும்.

எந்தத் தொகுப்பு?

பல தொகுப்புகள் இருக்கின்றன. ஒன்றுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால், எந்தக் கேள்விக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

நீண்ட கால மாதச் சராசரிக்கு நான் முதலில் எடுப்பது ஓராஸ்5. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் செய்தது; நீமோ என்ற கடல் மாதிரி, கால் டிகிரிக் கட்டம், 75 ஆழ அடுக்குகள். 1979 முதல் முதன்மைத் தொகுப்பு. பின்னோக்கி 1958 வரை நீட்டியிருக்கிறார்கள். ஒரே வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐந்து முறை ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஐந்தும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது நமக்குப் பெரிய செய்தி.

சுழல்கள், கரையோர நீரோட்டம், ஒரு புயல் கடந்த பிறகு கடல் குளிர்ந்த விதம் என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் குளோரிஸ்12. பன்னிரண்டில் ஒரு பங்கு டிகிரி, 50 அடுக்குகள், நாள்வாரியாகவே கிடைக்கும். ஆனால் 1993க்கு முன் கிடையாது. கடல்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் தரவு அப்போதுதான் தொடர்ச்சியாக வரத் தொடங்கியது என்பதால் அங்கிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் காடாஸ், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சோடா ஆகியவையும் உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், காடாஸின் ஒரு வடிவத்தை நம் கடல்களுக்காக ஓட்டுகிறது.

எக்கோ என்ற இன்னொரு தொகுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற தொகுப்புகளில் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கொஞ்சம் வெப்பமோ உப்போ எங்கிருந்தோ வந்து சேர்கிறது, அல்லது காணாமல் போகிறது. கிணற்றுக் கணக்கை அமாவாசை அன்று சட்டென்று இரண்டு முழம் உயர்த்துவது போல. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. எக்கோவில் அப்படி நடுவில் தள்ளுவதில்லை. தொடக்க நிலையையும் காற்றையும் கலப்பு விகிதங்களையும் மாற்றி மாற்றி, முழுக் காலமும் அளவீடுகளோடு ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். வெப்பம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று வரவுசெலவு போடுவதானால் அதை எடுங்கள். கட்டம் பெரியது, 1992க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும் உண்டு.

இறக்கும் முன் பெருக்கிப் பாருங்கள்

ஓராஸ்5 கோபர்னிகஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில் இருக்கிறது. இலவசமாகப் பதிவு செய்து, உரிம விதிகளை ஏற்றுக்கொண்டால் போதும். குளோரிஸ்12 கோபர்னிகஸ் கடல் சேவையில் கிடைக்கும். அங்கே வேண்டிய பெட்டியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு.

ஓராஸ்5இன் ஒரு தளம் 1442 பெருக்கல் 1021 கட்டங்கள். ஒரு எண்ணுக்கு நான்கு பைட் என்றால் ஒரு மாதத்துக்குச் சுமார் 6 எம்பி. 75 அடுக்கும் சேர்த்தால் 440 எம்பி. 1979 முதல் 2023 வரை 540 மாதங்கள். 20 டிகிரி ஆழத்தை மட்டும் எடுத்தால் சுமார் 3 ஜிபி. 75 அடுக்கின் வெப்பத்தையும் எடுத்தால் 230 ஜிபிக்கு மேல். 20 டிகிரி ஆழமும், மேல் 300 மீட்டரின் வெப்பமும் தனித்தனித் தயார்க் கோப்புகளாகவே அங்கே இருக்கின்றன. அவற்றை எடுங்கள். எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி தாராளம்.

கோப்பின் வடிவம் நெட்சிடிஎஃப். முதல் நாள் நிரல் எதுவும் எழுத வேண்டாம். நாசா தரும் பனோப்ளி என்ற இலவச மென்பொருளில் திறந்து படமாகப் பாருங்கள். கண்ணுக்குப் பழகட்டும். அப்புறம் பைத்தான் நிரல்மொழியும், அதில் இந்தக் கோப்புகளைக் கையாள உதவும் எக்ஸ்அரே தொகுப்பும்.

திறந்ததும் காலை வாரும் இடங்கள்

முதல் முறை நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். நிலப்பகுதிக் கட்டங்களை விலக்காமல் அவற்றின் பூஜ்ஜியத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டேன். கிழக்குப் பெட்டிக்குள் சுமத்ராவின் ஒரு பகுதி வருகிறது. விடை ஆழம் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் காரணம் தெரியவில்லை. நிலம் எது என்று முதலிலேயே கேட்டு, முகமூடிக் கோப்பால் மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது, ஓராஸ்5இன் கட்டம் சதுரக் கட்டம் இல்லை. வட துருவத்தில் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் குவிந்தால் கணக்கு உடையும். அதனால் அந்த முனையை இரண்டாகப் பிரித்துக் கனடாவிலும் சைபீரியாவிலும் நிலத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். நம் வெப்ப மண்டலத்தில் கோடுகள் நேராகத்தான் ஓடும். ஆனால் அட்டவணை கிழக்கு 73 டிகிரியை ஒட்டித் தொடங்குகிறது. அதாவது இந்தியப் பெருங்கடலை நடுவில் வெட்டி, கிழக்குப் பாதியைப் படத்தின் இடது ஓரத்திலும் மேற்குப் பாதியை வலது ஓரத்திலும் வைத்துவிடுகிறது. பசிபிக்கைப் படிக்கிறவர்களுக்கு இது உறைக்காது, நமக்குத்தான் தலைவலி. வரிசை எண்ணை வைத்து வெட்டாமல், ஒவ்வொரு கட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்பைக் கேட்டு வெட்டுங்கள். ஓரத்தில் இரண்டு செங்குத்து வரிசைகள் இரட்டிப்பாகவும் வரும்; அவற்றை நீக்குங்கள்.

வெப்பம் என்று கோப்பில் இருப்பது பொட்டென்ஷியல் வெப்பம். ஆழத்தின் அழுத்தத்தால் ஏறும் சூட்டைக் கழித்த மதிப்பு அது. மிதவை தருவது அந்த ஆழத்தில் இருக்கும் நேரடி வெப்பம். மேற்பரப்பில் வித்தியாசம் இல்லை. 2000 மீட்டரில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். ஒப்பிடும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இவை முடிந்தால், ஒவ்வொரு மாதத்துக்கும் 1991 முதல் 2020 வரை சராசரி எடுத்து, அதிலிருந்து விலகலைக் கணக்கிடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று மாத விலகலைச் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு எண். 45 வருடம், 45 எண்கள். ஒரு தாளில் கையால் வரைந்து பாருங்கள். 1997 தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெட்டி தப்பு.

அன்று அங்கே அளந்தது யார்?

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம்.

மறுபகுப்பாய்வுக் கோப்பில் ஓட்டை இருக்காது. 1960 ஜனவரிக்கும் எண் இருக்கும், 2020 ஜனவரிக்கும் எண் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். ஒன்று ஏறக்குறைய முழுக்க மாதிரியின் கணக்கு, மற்றொன்றில் நிறைய அளவீடு கலந்திருக்கிறது என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஆகவே எந்த வருடத்தின் எண்ணைப் பார்த்தாலும், அப்போது அங்கே கயிறு இறக்கியவர் யார் என்று கேளுங்கள்.

1960களின் தொடக்கத்தில் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. பல நாட்டுக் கப்பல்கள் வந்து அளந்தன. அதன் தொடர்ச்சியாகத்தான், இப்போது கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966இல் தொடங்கியது. ஆனால் அந்தக் கப்பல்கள் போன பாதையில்தான் தரவு; பாதைக்கு வெளியே வெறுமை.

அறுபதுகளின் பிற்பகுதி முதல் எக்ஸ்பிடி என்ற கருவி பரவியது. கப்பல் ஓடும்போதே கடலில் போடலாம். மெல்லிய செம்புக் கம்பி வழியாக வெப்பத்தைச் சொல்லிக்கொண்டே விழும். அதில் ஆழத்தை அளக்கும் கருவி கிடையாது. விழத் தொடங்கி எத்தனை விநாடி ஆனது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். விழும் வேகம் சூத்திரத்தில் இருந்ததற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. 1970களில் உலகக் கடல்கள் திடீரென்று சூடேறி இறங்கியது போலத் தெரிந்த மேட்டின் பெரும்பகுதி இந்தப் பிழையால் வந்தது. அப்பாருவின் கயிறு நனைந்து நீண்டிருந்தால் கிணறு நிரம்பியது போலத் தெரியும் அல்லவா, அதே கதை. பிந்தைய தொகுப்புகள் இதைத் திருத்திச் சேர்க்கின்றன. பழைய தொகுப்பு எதையாவது எடுத்தால் இந்தத் திருத்தம் உண்டா என்று பாருங்கள்.

1992 ஆகஸ்டில் டோபெக்ஸ் போசைடான் செயற்கைக்கோள் ஏறியது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒரே பாதையில் வந்து கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது. வெதுநீர் விரிவடையும், மட்டம் உயரும். ஆகவே மேலே இருந்து அளந்த மட்டமே உள்ளே வெதுநீர் எவ்வளவு தடிமன் என்ற செய்தியைத் தருகிறது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த சரல், 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏறி இதே வேலையைச் செய்தது.

அதற்கப்புறம் ஆர்கோ. 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும்வரை வெப்பமும் உப்பும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கும். 1999-2000இல் தொடங்கி, 2007 நவம்பரில் 3000 மிதவைகளைத் தொட்டது. சுமார் 300 கிலோமீட்டர் பெட்டிக்கு ஒரு மிதவை. கோவையிலிருந்து கன்னியாகுமரி வரை நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு. இந்தியப் பெருங்கடலுக்கென்று ராமா என்ற நங்கூர மிதவை வரிசையும் 2004 முதல் வளர்ந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது.

இப்போது உங்கள் வரைபடத்துக்குத் திரும்புங்கள். 1993ஐ ஒட்டியோ 2002 முதல் 2007க்குள்ளோ கோடு ஒரு படி ஏறியோ இறங்கியோ இருந்தால், கடல் மாறியது என்று எழுதும் முன் நிதானியுங்கள். அளக்கும் ஆள் மாறியதால் வந்த படியாக இருக்கலாம்.

ஓராஸ்5இல் இன்னொரு தையல் உண்டு. 2014 வரை ஒரு தொகுப்பு, 2015 முதல் நடைமுறைத் தொகுப்பு என்று இரண்டாகத் தருகிறார்கள். மாதிரியை ஓட்டும் காற்றுத் தரவு அந்த இடத்தில் மாறுகிறது. 2015, 2016, 2019 என்று பின்னால் மழையோடு வைத்துப் பார்க்கப்போகும் வருடங்கள் எல்லாம் தையலுக்கு அந்தப்பக்கம் விழுகின்றன! தையலுக்கு இருபுறமும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுமுன் வேறொரு தொகுப்பிலும் பார்த்துவிடுங்கள்.

காற்றைப் பற்றிச் சொன்னதால் நம் ஊர் விஷயம் ஒன்று. 2015க்கு முந்தைய காற்று வந்த ஈரா இன்டெரிம் தொகுப்பின் கட்டம் சுமார் 80 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30, 40 கிலோமீட்டர்தான். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று, அந்தத் தொகுப்பின் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாது. கரைக்கும் மலைக்கும் அருகே உள்ள காற்றைப் பற்றிய கேள்வி என்றால் இந்தக் குறையை மனதில் வையுங்கள்.

உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்கோவுக்கு முன் உப்பு அளவீடு மிகக் குறைவு. வங்கக்கடலின் வடபகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. புயல் வந்து கலக்கினாலும் கீழே இருக்கும் குளிர்நீர் எளிதில் மேலே வராதபடி அது தடுக்கிறது. ஆனால் ஓராஸ்5க்கு ஆற்று நீர் ஒவ்வொரு வருடமும் ஒரே சராசரி அளவில்தான் ஊற்றப்படுகிறது. 1988 வெள்ள வருடமும் வறட்சி வருடமும் ஆற்றைப் பொறுத்தவரை அதற்கு ஒன்றுதான். ஆகவே 2000க்கு முந்தைய வங்கக்கடல் உப்பின் வருட வித்தியாசத்தை வைத்து எதையும் நிறுவ முயலாதீர்கள்.

கொச்சியில் சரிபாருங்கள்

மாதிரிக்குள் ஏற்கெனவே சேர்த்த மிதவையை வைத்து மாதிரியைச் சரிபார்த்தால் பொருந்தத்தான் செய்யும். விடைத்தாளைப் பார்த்து எழுதியவனுக்கு அதே விடைத்தாளால் மதிப்பெண் போடுவது போல. சேர்க்காத அளவீடு ஒன்று வேண்டும். கரையில் நின்று கடல்மட்டத்தை அளக்கும் மட்டமானிகள் பெரும்பாலும் இந்தத் தொகுப்புகளில் சேர்க்கப்படுவதில்லை. நமக்குப் பக்கத்தில் கொச்சி வில்லிங்டன் தீவு மட்டமானி 1939இல் இருந்தே பதிவு வைத்திருக்கிறது. லிவர்பூலில் இயங்கும் சராசரிக் கடல்மட்ட நிரந்தரச் சேவையில் அதன் மாதச் சராசரி இலவசம்.

முதலில் பருவ ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கொச்சிக் கரையில் மட்டம் தாழ்ந்து, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். அந்தச் சத்தான நீர்தான் மத்தி மீனை வளர்க்கிறது; உக்கடம் மீன் சந்தைக்கு வந்து சேர்வதும் அதுதான். பருவம் முடிந்து நவம்பர், டிசம்பரில் மட்டம் உயரும். உங்கள் தொகுப்பு இதைக் காட்டுகிறதா? பிறகு பருவத்தைக் கழித்துவிட்டு மாத விலகலை ஒப்பிடுங்கள். மட்டமானி காற்றழுத்தத்துக்கும் அசையும்: அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். மாதிரியில் பெரும்பாலும் இது இருக்காது. கழித்துவிட்டு ஒப்பிடுவதே முறை.

இரண்டாவது சோதனை, வேறு தொகுப்போடு ஒப்பீடு. கோபர்னிகஸ் கடல் சேவை நான்கு மறுபகுப்பாய்வுகளைச் சேர்த்து 1993 முதல் கிரெப் என்ற கூட்டுத் தொகுப்பாகத் தருகிறது. நான்கும் ஒன்றாகப் போகும் வருடங்களை நம்புங்கள். பிரிந்து நிற்கும் வருடங்களுக்கு ஒற்றை எண்ணை எழுதாமல் வீச்சை எழுதுங்கள்.

நம் மழையோடு வைத்துப் பார்க்கும்போது

மழைக்கு இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரிக் கட்டத் தரவை எடுங்கள். 1901 முதல் நாள்வாரியாக இருக்கிறது. மாவட்ட மழையை எடுத்தால் சிக்கல். ஈரோடு மாவட்டம் 1979இல் பிறந்தது, திருப்பூர் 2009இல். எல்லை மாறிய மாவட்டத்தின் சராசரியில் மழை மாறாமலேயே எண் மாறும். கட்டங்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொங்குப் பகுதிக்கு ஒரு நிலையான பெட்டி போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டுங்கள். இரண்டு தொடரிலும் நீண்ட காலச் சாய்வை நீக்கிவிட்டு ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் கணக்கிடுங்கள். 45 வருடத்துக்கு ஒட்டுறவு எண் 0.3ஐத் தாண்டவில்லை என்றால் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்மறை இருமுனையும் எல் நினோவும் (பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது) வடகிழக்குப் பருவமழைக்குச் சாதகம் என்பது பொதுவான போக்கு. 2015இல் எல் நினோ வலுவாக இருந்தது. தமிழ்நாட்டில் மழை இயல்பைவிடச் சுமார் 53 சதவீதம் அதிகம். 2016இல் இருமுனை வலுவான எதிர்மறை. 62 சதவீதம் குறைவு. கிணறுகள் அடியில் பாறை தெரிய வறண்ட அந்த வருடத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் 2021இல் இருமுனை எதிர்மறைப் பக்கம் சாய்ந்திருந்தது, எல் நினோவுக்குத் தலைகீழான லா நினாவும் இருந்தது. மழை 59 சதவீதம் அதிகம். 2019இல் இருமுனை பல பத்தாண்டுகளில் காணாத நேர்மறை. மழை இயல்பை ஒட்டியே பெய்தது. வங்கக்கடலில் எத்தனை தாழ்வுநிலை உருவாகிறது, அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது கடைசி நேரம் வரை கணக்கை மாற்றுகிறது. உங்கள் வரைபடத்தில் 2016ஐ மட்டும் வட்டமிட்டுக் காட்டாமல் 2021ஐயும் வட்டமிடுங்கள். இதைப் படித்துவிட்டு மஞ்சளுக்கோ கரும்புக்கோ தண்ணீர்க் கணக்குப் போடுகிறவருக்கு நாம் அந்த அளவு உண்மையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப் போடுங்கள். கோப்பை இறக்கிய தேதி, தொகுப்பின் பதிப்பு எண், பெட்டியின் நான்கு எல்லைகள், சராசரிக்கு எடுத்த வருடங்கள், 2014-2015 தையலை எப்படிக் கையாண்டீர்கள் என்பது, விலக்கிய கட்டங்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். தொகுப்புகளை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அதே பெயரில் எண் மாறிவிடும். அப்பாருவின் நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் "கயிறு மாற்றினது" என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி இருந்ததால்தான் அதற்கு முந்தைய எண்களை ஒன்றரை முழம் திருத்திப் படிக்க எனக்கு வழி கிடைத்தது.